ஈரம் காயாத சிவப்பு

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை கண் விழிக்கும்போதே சிம்ராவுக்குத் தெரியும். இன்று சாயங்காலம் அந்த நாற்காலியில் ஒன்று அவள் இருப்பாள், இல்லை அவள் புருஷன் இருப்பான்.

நாற்காலி என்றதும் மந்திரி பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பாஞ்ச் பிதுங்கிய சுழல் நாற்காலி. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், ‘ரசூல் கம்ப்யூட்டர்ஸ்’ என்ற குட்டிக் கடையில், பழுது பார்க்கும் மேஜைக்கு முன்னால் கிடப்பது. நாலு வருஷமாக அதில் சிம்ராதான் உட்காருகிறாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, ரிச்சி தெரு சர்வீஸ் சென்டரில் மூன்று வருஷம், அப்புறம் கல்யாணம். கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் உபைத் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். “சும்மா சுவத்தைப் பாத்துக்கினு உக்காராதம்மா, இந்த போர்டைப் பாரு” என்று மருமகளைக் கடைக்குக் கூப்பிட்டவர் மாமனார் குலாம் ரசூல். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “மேடம் இருக்காங்களா?”

ரமலான் பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால் உபைத் திரும்பி வந்தான். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்றான். வந்து இரண்டரை மாதம் ஆகிறது. இதுவரை ஒருவர்கூட “சார் இருக்காரா?” என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் புகை கிளம்ப அது போதாதா?

போன வாரம் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே மாமனார் தீர்ப்பு சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். “தி.நகர்ல சிம்ரா கூடப் படிச்ச அனுப்ரியாவோட எம்பிராய்டரி மெஷின் நின்னு போச்சுல்ல? அதை சிம்ரா ஓட வெச்சுட்டா, நாற்காலி அவளுக்கு. ஓடலைன்னா உபைத் உக்காருவான். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

சிம்ராவின் மனசு அப்படியே குளிர்ந்தது. அவளுக்காகத்தான் மாமா இப்படி ஒரு பந்தயம் கட்டுகிறார் என்று நினைத்தாள். அவள் கையால் ஓடாத மெஷின் உண்டா?

அந்த மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். இருபது வருஷத்துக்கு முந்தியது. எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் கார்டு இப்போது வரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பொருந்தாது. அதனால் அந்த மதர்போர்டையே பிழைக்க வைத்தாக வேண்டும். அதில் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் எட்டு, தலை வீங்கிச் செத்திருந்தன. புதுசு வாங்கிப் போடலாமே என்பீர்கள். அந்த அளவில் சந்தையில் புதுசு என்று விற்பதில் பாதி, பழசுக்குச் சட்டை மாட்டியது. நல்ல சரக்கு, தூக்கிப் போட்ட பழைய போர்டுகளில்தான் இருக்கிறது. அவற்றைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்து, தேறினதை ஒரு பிஸ்கட் டப்பாவிலும் தேறாததை ஒரு பெயின்ட் டப்பாவிலும் போடுவது சிம்ராவின் வழக்கம்.

தேறினதற்கு அடையாளம் வேண்டுமே? அதற்கு அவள் கண்டுபிடித்ததுதான் நகப் பாலிஷ். தேறின கெப்பாசிட்டரின் தலையில் தீக்குச்சி முனையால் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மறுபடி மீட்டருக்குப் போக வேண்டியதில்லை. அது அவளே போட்ட சட்டம்.

அந்த பாலிஷ் பாட்டில் வந்த அன்று மாமியார் ஜமீலுன்னிசா போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டது. நகத்தில் பாலிஷ் இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால், தொழுகைக்கு முன்னால் கை, கால், முகம் கழுவும் ஒளு கூடாது, அதாவது நிறைவேறாது. ஒளு இல்லாமல் தொழுகை ஏது?

“ஒளு கூடாத சாமானை என் வாசப்படிக்குள்ள கொண்டாந்துட்டா!”

“என் நகத்துக்கு இல்ல மாமி. கெப்பாசிட்டர் தலைக்கு. அது தொழாது.”

மாமியார் அந்த பதிலை இன்றுவரை மன்னிக்கவில்லை. மாமியாருக்கு நுரையீரல் கோளாறு. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் உள் அறையில் ஆக்ஸிஜன் மெஷின் பகலில் பாதி நேரம் உறுமிக்கொண்டிருக்கும். பெருநாள் கழிந்த வாரத்தில் அது நின்றுபோனபோது, அதன் போர்டைக் கழற்றி நாலு கெப்பாசிட்டர் மாற்றி ஓட வைத்தவள் சிம்ராதான். அதற்கும் ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்று போர்டைப் பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்தவர் மாமனார். ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தியவரும் அவர்தான்.

“உன் கை பட்டா செத்த போர்டும் எந்திரிச்சு உக்காரும்மா. துஆ செய்றேன், போய்ட்டு வா.”

“நீங்க இருக்கீங்கல்ல மாமா, எனக்கென்ன?” என்றாள் சிம்ரா. மனசாரத்தான் சொன்னாள்.

* * *

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டாவது மாடி. பன்னிரண்டு ஊசி மெஷின் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மெஷினின் சட்டத்தில் ஒரு அரக்குப் பட்டுப் புடவையின் முந்தானையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். முந்தானையில் ஜோடி மயில் வேண்டும் என்று பெண் வீட்டில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார்கள்.

பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஊசிகள் இறங்கின. மெஷின் ஓட்டும் பையன் அறிவு விசில் அடித்தே விட்டான்.

“அக்கா, சூப்பரு! நான் பயந்துக்கினே இருந்தேன்!”

அனுப்ரியா சிம்ராவின் தோளில் கை போட்டுக்கொண்டாள். இவளும் சிம்ராவும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக் குடும்பம். அப்பா சண்முகசுந்தரம் கடையைப் பார்க்க, மகள் இந்த யூனிட்டைப் பார்க்கிறாள். “நீ இல்லன்னா நான் செத்தேன்டி” என்றாள். காபி வந்தது.

காபி பாதி இருக்கும்போது, ‘டப்’ என்று ஒரு சத்தம்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வெள்ளைப் புகையும், அழுகின மீன் தீய்ந்த வாடையும் வந்தன. ஊசிகள் துணிக்குள் குத்தியபடியே நின்றன. சட்டம் மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓய்ந்தது. இரண்டாவது மயிலின் கழுத்திலிருந்து விரல் நீளத்துக்குப் பட்டு கிழிந்திருந்தது.

சிம்ரா கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தாள். எட்டில் ஒன்று வெடித்திருந்தது. அதன் உடைந்த தலையில் அவளுடைய சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

“எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா?” அனுப்ரியாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “குப்பையில பொறுக்கினதை வெச்சு ஒட்டுறவ அவ, அவளை நம்பாதேன்னு. ஃபிரெண்டுன்னு நெனச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“அனு, நான் ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித்தான்...”

“டெஸ்ட் பண்ணினது பட்டுல தெரியுது. கிழிஞ்ச இடத்துக்கு ஒட்டுப் போட்டு மறுபடி மயில் போடணும். அதுக்கு இதைப் பிரிக்கணும். உக்காரு.”

“என்ன?”

“பிரிக்கணும்னேன். ஜரிகை ஒண்ணு ஒண்ணா. நீதானே கெடுத்தே? நீயே பிரி.”

அறிவு முன்னால் வந்தான். “விடுங்கக்கா, நான் பிரிக்கிறேன். பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?”

“நீ உன் வேலையைப் பாரு.”

சிம்ரா தரையில் உட்கார்ந்தாள். கையில் தையல் பிரிக்கும் ஊசி. சுற்றிலும் ஆறு தையற்காரப் பெண்கள். அவர்களில் இரண்டு பேர் போன தீபாவளிக்கு அவளிடம் மகனுடைய லேப்டாப்பைக் காட்டி, கையைப் பிடித்து நன்றி சொன்னவர்கள். இப்போது அவர்கள் கண்ணும் தரையில்தான் இருந்தது. அனுப்ரியா மொபைலை எடுத்து, கிழிந்த முந்தானையையும் குனிந்து உட்கார்ந்திருந்த சிம்ராவையும் சேர்த்து ஒரு படம் பிடித்தாள். தி.நகர் தையல் யூனிட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே என்ன எழுதினாள் என்பதை வாய்விட்டே படித்தாள்.

“ரசூல் கம்ப்யூட்டர்ஸ் மேடம் வேலை. ஜாக்கிரதை.”

ஒன்றரை மணி நேரம் சிம்ரா மயிலைப் பிரித்தாள். தோகை, கழுத்து, கண். கண்ணைப் பிரிக்கும்போது அழுதாள். அவமானத்தில்தான் அழுதாள். ஆனால் அதற்கு அடியில் வேறொரு பயம் இருந்தது. இரண்டு மாதமாகவே கடையிலிருந்து போன வேலைகளில் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தாள். மாமாதான் கூட வந்து கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி போட்ட பிறகும் இப்படியா? கைக்கு வந்த தொழில் கையை விட்டுப் போகிறதா?

எழுந்தபோது அனுப்ரியா வாசலை மறித்து நின்றாள்.

“ஆறு மணி. ஆறு மணிக்கு இந்த மெஷின் ஓடணும். இல்லன்னா உஸ்மான் ரோட்டுல ஒரு எலி மவுஸைக்கூட உன்கிட்ட குடுக்க மாட்டாங்க.”

* * *

போர்டை மடியில் வைத்துக்கொண்டு சிம்ரா கடைக்கு வந்து இறங்கியபோது மணி இரண்டேகால். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஜமீலுன்னிசா அப்போதுதான் பின்வாசல் வழியாகத் தண்ணீர்ச் செம்போடு கடைக்குள் வந்தாள்.

“வந்துட்டியா? ஜும்மா தொழுகைக்கு ரெண்டு ஆம்பளைங்களும் போய்ட்டாங்க, ஒத்தையா நான்தான் கடையைக் காத்துக்கினு கெடந்தேன். மூச்சு வாங்குது. உன் மாமா வந்து, போய் சாப்பிடுன்னு அனுப்பினாரு, இப்ப அவரையும் காணோம். உபைத் இன்னும் வரல. மெஷின் ஓடிச்சா?”

சிம்ரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேஜை முன்னால் உட்கார்ந்து, போர்டிலிருந்து மிச்சம் ஏழையும் கழற்றி மீட்டரில் வைத்தாள். இரண்டு செத்திருந்தன. வெடித்ததோடு சேர்த்து மூன்று. மூன்றின் தலையிலும் சிவப்புப் புள்ளி. மீட்டர் பொய் சொல்லாது. தேறாததற்கு அவள் புள்ளி வைக்கவே மாட்டாள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். வேறு எட்டு எடுக்க வேண்டும். மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள். விரல் ஒட்டியது.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு.

சிம்ரா கடைசியாகப் புள்ளி வைத்தது செவ்வாய்க்கிழமை. இது இன்னும் காயவில்லை. மூடி சரியாகப் போடாமல் கெட்டியான பழைய பாலிஷ் இது, காய அரை மணி முக்கால் மணி ஆகும். அப்படியென்றால் கடைசி அரை மணி முக்கால் மணிக்குள், இதே மேஜையில், பெயின்ட் டப்பாவிலிருந்து செத்ததை எடுத்து, தலையில் புள்ளி வைத்து, நல்லதோடு கலந்திருக்கிறது ஒரு கை. அவள் எட்டு எடுக்க வருவாள் என்று தெரிந்த கை. இன்னொரு முறையும் அவள் தோற்க வேண்டும் என்று நினைத்த கை.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதி ஒரு நொடிதான். அடுத்த நொடியே ரத்தம் தலைக்கு ஏறியது.

“கையைக் காட்டுங்க மாமி.”

“எதுக்கு?”

“காட்டுங்க!”

ஜமீலுன்னிசாவின் இரண்டு கையையும் இழுத்துப் பிடித்தாள் சிம்ரா. நக நுனிகளில் சிவப்பு இருந்தது.

“இது மருதாணிடி! பெருநாளைக்கு வெச்சது, நுனியில நிக்குது!”

“மருதாணியா, பாத்துடலாம்.”

பாலிஷைக் கரைக்கும் தின்னர் பாட்டிலைக் கவிழ்த்துப் பஞ்சை நனைத்தாள். கிழவியின் நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க்கடை ஹபீபுர் ரஹ்மான் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவந்தது. நகத்தின் சிவப்பு போகவில்லை. மருதாணி போகாது.

“விடுடி... எரியுதுடி... நான் அந்த பாட்டிலைத் தொடுவேனா? ஒளுவோட நிக்கிறவ நான், தொடுவேனா?”

“தொடைச்சிட்டு வந்திருப்பீங்க. புள்ள நாற்காலியில உக்காரணும்னா நீங்க எதையும் செய்வீங்க!”

ஜமீலுன்னிசாவுக்கு மூச்சு இரைத்தது. அந்த நேரம் பார்த்து உபைத் உள்ளே வந்தான்.

“எங்கம்மா கையை விடு, சிம்ரா.”

“விட முடியாது. கேளுங்க உங்கம்மாவை, என்ன பண்ணினாங்கன்னு.”

“உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்லு. வயசான மனுஷி மேல பழி போடாத. கிழிஞ்ச புடவைப் படம் வாட்ஸ்அப்ல சுத்திக்கினு இருக்கு, ஹபீப் பாய் மொபைல்ல காட்டுறாரு, ஊரே பாக்குது. எந்திரி. நாற்காலியை விடு.”

இந்த இடத்தில் சிம்ரா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. நல்லவர்கள் கோபத்தில் செய்கிற கொடுமைக்கு அளவே கிடையாது. அவர்களுக்குத் தங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிற தைரியம் வேறு சேர்ந்துகொள்கிறது.

“நாற்காலியை வெச்சு என்ன பண்ணுவீங்க? ஷார்ஜாவுல கம்பெனியை மூடிட்டாங்கன்னு சொன்னீங்களே, அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க. கை நடுங்கி சர்வர் போர்டை எரிச்சீங்க. ஒண்ணு இல்ல, மூணு. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினாங்க. சோல்டரிங் அயர்னைப் பிடிங்க பாக்கலாம். இந்தாங்க, பிடிங்க!”

இதை அவன் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

உபைத் அவளைப் பார்த்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், சோல்டரிங் அயர்னைக் கையில் வாங்கினான். முனை ஆடியது. அம்மா பார்த்தாள், எதிர்க்கடைக்காரர் பார்த்தார், சந்து பார்த்தது. அவன் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. அயர்னை அதன் இடத்தில் வைத்துவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான்.

ஜமீலுன்னிசா சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் போனாள். சற்று நேரத்தில் ஆக்ஸிஜன் மெஷினின் உறுமல் கேட்டது.

* * *

கடையில் சிம்ரா மட்டும் இருந்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு, பிஸ்கட் டப்பாவை மேஜையில் கொட்டினாள். இனி எந்தப் புள்ளியையும் நம்ப முடியாது. ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தாள்.

சிவப்புப் புள்ளி அறுபத்திரண்டு. அதில் செத்தது இருபத்து மூன்று. ஒட்டியது ஐந்தே ஐந்துதான். மிச்சம் பதினெட்டும் எப்போதோ காய்ந்து இறுகியிருந்தன. தீக்குச்சி முனையால், அவள் வைப்பது போலவே, அதே அளவில் வைத்தவை. இன்று ஒரு நாள் வேலை இல்லை இது.

மாமியாரால் இப்படி முடியுமா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தாள். மாமியாருக்குச் செத்தது எந்த டப்பா, நல்லது எந்த டப்பா என்றே தெரியாது. நாலு வருஷமாக அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தீக்குச்சியை எடுத்துக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

அந்த நினைப்பை அவள் தள்ளினாள். ச்சீ, என்றுகூட வாய்விட்டுச் சொன்னாள்.

நல்லதாக எட்டைப் பொறுக்கிப் போர்டில் வைத்து முடித்தபோது மணி நாலே முக்கால். ஆறு மணிக்குள் போய்விடலாம். முகம் கழுவலாம் என்று பின்கட்டுக்குப் போனாள்.

முற்றத்துக் குழாயடியில் குலாம் ரசூல் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சரக் சரக் என்று ஒரு சத்தம். வலது கட்டைவிரலைப் பாதம் தேய்க்கும் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. உரிந்த தோலுக்கு நடுவே, நகத்தின் ஓரத்தில், சிவப்பு.

சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் நெருங்கிவிட்டது. பாலிஷ் போகாமல் ஒளு கூடாது. பாலிஷ் போக்கும் தின்னர் இருந்தது சிம்ராவின் மேஜையில். அதைக் கேட்க வாய் வரவில்லை மனுஷனுக்கு.

ஜும்மா தொழுதுவிட்டு நேராக வந்து உட்கார்ந்து செய்திருக்கிறார்.

சிம்ரா கடைக்குப் போய்த் தின்னர் பாட்டிலை எடுத்து வந்தாள்.

“இதைத் தேடுறீங்களா மாமா?”

கல் கீழே விழுந்தது. அவர் திரும்பவில்லை. தண்ணீரை மட்டும் நிறுத்தினார்.

“கண்ணு சரியில்லன்னு சொல்லி எனக்குக் கண்ணாடி எடுத்துக் குடுத்தீங்களே. கடைக்காரன்கிட்ட நல்ல ஃபிரேமாப் பாத்துக் குடுன்னு சொன்னீங்களே. எப்டி மாமா மனசு வந்துச்சு?”

“உன் மேல எனக்குக் கோவமே இல்லம்மா.” குரலில் நடுக்கம் இல்லை. அதுவே அவளுக்கு ஆறவில்லை. “பெருநாளைக்கு மறுநாள் கடையில அவன் அயர்னைப் பிடிச்சதைப் பாத்துட்டேன். பொண்டாட்டி கை நிக்குது, புருஷன் கை ஆடுது. இதை ஊர் பாத்தா அவன் உசுரோட இருப்பானா? நீ எந்திரின்னு என் வாயால சொல்ல முடியல. உனக்கே உன் கை மேல நம்பிக்கை போய்ட்டா, நீயா எந்திரிச்சுருவேன்னு நெனச்சேன். நீயும் தோத்தா ரெண்டு பேரும் ஒண்ணு. அப்புறம் அவனுக்கு வலிக்காதுல்ல?”

“அவருக்கு வலிக்காம இருக்க எனக்கு வலிக்கணும்.”

“நீ தாங்குவம்மா. அவன் தாங்க மாட்டான்.”

அவள் அன்று கேட்ட சொற்களிலேயே இதுதான் கொடியது. அனுப்ரியா திட்டியதெல்லாம் இதற்குக் கால் தூசு பெறாது. மாமியாரின் நகத்தைத் தேய்த்தது, புருஷனின் மானத்தைச் சந்தில் எறிந்தது, எல்லாம் எதற்காக? இந்த மனுஷன் மேல் ஒரு சந்தேகமும் வராத அளவுக்கு அவரை நம்பியதற்காக.

கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

“குடும்மா.” கட்டைவிரலை நீட்டினார். “நேரமாவுது. அப்புறம் என்னை என்ன வேணாலும் கேளு.”

சிம்ரா மூடியைத் திறந்தாள். அவர் விரலுக்கு ஒரு சாண் மேலே பாட்டிலைப் பிடித்தாள். பிறகு கையை நகர்த்தி, சாக்கடை வாயில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை நின்று உதறினாள்.

“தொழாம நில்லுங்க இன்னிக்கு. என் ஒன்றரை மணி நேரத்துக்கு அது.”

கிழவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், ஒளிப்பானேன்?

“எத்தனைல புள்ளி வெச்சீங்க மாமா?”

“எண்ணல.”

“எப்பலேர்ந்து? பெருநாள்லேர்ந்தா?”

“அதான் சொன்னேனே. அவன் கையைப் பாத்த அன்னிலேர்ந்து. பெருநாளைக்கு மறுநாள்.”

சிம்ரா போகத் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

உள் அறையிலிருந்து உறுமல் வந்துகொண்டிருந்தது. மாமியாரின் இருமலும் நடுநடுவே கேட்டது. அவள் தேய்த்த தேய்ப்பில், அவள் எறிந்த சொல்லில் வாங்கிய மூச்சு, மத்தியானத்திலிருந்து அந்த மெஷினின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெருநாள் கழிந்த வாரம். நாலு கெப்பாசிட்டர். அவள் மீட்டரில் வைக்கவில்லை. தலையில் புள்ளி இருந்ததே.

“மாமா.” உள் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். “மாமியோட ஆக்ஸிஜன் மெஷின்ல நாலு போட்டேன். பெருநாள் கழிஞ்சு. அந்த டப்பாவுலேர்ந்துதான் எடுத்தேன்.”

குலாம் ரசூல் எழுந்து நிற்கப் பார்த்தார். சுவரில் கை ஊன்றினார். ஈரச் சுவரில் அந்தக் கட்டைவிரலின் ரத்தம் பதிந்தது.

“நாலும் நல்லதாத்தானேம்மா இருக்கும்?” என்று கேட்டார். “நாலும் நீ வெச்ச புள்ளியாத்தானே இருக்கும்?”

சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் தெரியவில்லை.

பாங்கு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் ஒரு நொடி நின்றது.

பிறகு மறுபடி தொடங்கியது.